டின் திறந்த தேதி

ஜனவரி 11

மேலதிகாரி அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதுவது. நான் சுகம். என் வீட்டுக்காரி சுகம். திட்டும் குரலில் ஒரு கீறல்கூட விழவில்லை. நாலு கால் விருந்தாளி துரையும் சுகம். நீயும் மகளும் பிறந்து இருபது நாளான பேத்தியும் எப்படி? மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கக் கற்றுக்கொண்டாரா, இன்னும் கண்ணாடிச் சாமானைப் பார்ப்பதுபோலத் தூர நின்றுதான் பார்க்கிறாரா?

"ஆறு வாரம்தான், துரையைப் பார்த்துக்கோ. போன்ல பேசினா நீ என்னைச் சிரிக்க வச்சு விஷயத்தை முழுங்கிடுவ. அவன் என்ன சாப்பிட்டான்னு எழுத்துல அனுப்பு" என்று ரயில் ஏறும்போது சொன்னாய். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தக் குப்பிக்குச் சீட்டு ஒட்டிய கை அது. எழுத்தில் வராததை நீ நம்பமாட்டாய். இதோ எழுத்து.

எங்கள் பிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன காகிதத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். திறந்த நாய்ச் சாப்பாட்டு டின்னில் மிச்சத்தை வைக்கக் கூடாது, மூடி இறுகும் கண்ணாடி டப்பாவுக்கு மாற்ற வேண்டும். டப்பாவில் டின் திறந்த தேதியும் நேரமும் எழுதிய சீட்டு. நாலு டிகிரிக்கு மேல் போகாத குளிர். மூன்று நாளுக்கு மேல் ஆனால் குப்பை. காய்ந்த, சுத்தமான கரண்டி. தட்டில் ஒரு மணி நேரம் கிடந்ததை எடுத்துக் கொட்ட வேண்டும். திரும்ப டப்பாவில் சேர்ப்பவன் மனுஷனே இல்லை. கொடுக்கும்முன் ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். எனக்குக் கல்யாணம் பேசும்போதுகூட யாரும் இத்தனை நிபந்தனை போடவில்லை.

கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது: 'பிரிட்ஜைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.' நெஞ்சு நிமிர்ந்துவிட்டது அக்கா. இந்த ஊரில் பாதி வீட்டுப் பிரிட்ஜ் என் கை பட்டுத்தான் மூச்சு விடுகிறது.

நேற்று முதல் டின்னைத் திறந்தேன். துரை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் சாப்பிட்டார்.

பேத்திக்கு ஒரு முத்தம். உன் கால்வலிக்கு என் விசாரிப்பு.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். கால்வலி இங்கும் கூடவே வந்திருக்கிறது. மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிவிட்டார், இறக்கிவிடத்தான் தெரியவில்லை.

'கொஞ்சம்' என்பது அளவு இல்லை. அரை டின் என்றால் ஆறு கரண்டி. அவன் தின்றது எத்தனை? அதை எழுது.

நீ சிரிப்பாய் என்றுதான் ஊரில் இருக்கும்போது சொல்லவில்லை. உன் அத்தான் கண்மூடிய வாரத்தில் துரை மூன்று நாள் எதையும் தொடவில்லை. நாலாம் நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. அப்போது அவனுக்கு ஆறு வயது. இப்போது பத்து, பாதிப் பல் இல்லை. இன்னொரு தடவை தாங்கமாட்டான். அவன் சாப்பிடவில்லை என்றால் ஒரே ஒரு வரி எழுது. நான் வந்துவிடுவேன். குழந்தையைப் பார்க்க இங்கே ஆள் கிடைக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நக்குவான், தட்டு நகர்ந்து சுவரில் போய் இடிக்கும்வரை. அதுவரைக்கும் அவன் சாப்பிட்டதாக அர்த்தமில்லை.

என் அறை ஜன்னல் பாதிதான் திறக்கும். குளிர். மற்றபடி வசதி. உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜனவரி 29

கரண்டிக் கணக்குக் கேட்கும் அக்காவுக்கு,

மூவரும் நலம். டின் திறந்த தேதி 27. ஆறு கரண்டி. போதுமா?

இங்கே ஒரு எல்லைத் தகராறு. துரையின் டப்பாவைப் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "நாய்ச் சாப்பாட்டு வாசத்துல காப்பி குடிக்க நான் என்ன தவம் செஞ்சேன்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. அதனால் டப்பா கதவுத் தட்டுக்குக் குடிபோனது. இரு நாடுகளும் சமாதானம்.

கதவுத் தட்டைத் திறந்து மூடும்போதெல்லாம் நம் வீட்டுக்கு முதல் பிரிட்ஜ் வந்த நாள் ஞாபகம் வருகிறது. தெருவுக்கே அது ஒன்றுதான். எதிர்வீட்டு நர்ஸம்மாவின் ஊசிமருந்து, மாடிவீட்டுக் கணக்கு வாத்தியாரின் வெண்ணெய், யாருடையது என்றே தெரியாத பாதி கேக். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மில்லில் வேறு வேறு ஷிப்ட். வீட்டுக்கு நீதான் ராணி. பன்னிரண்டு வயசில் ஒவ்வொரு டப்பாவிலும் பேரும் தேதியும் எழுதி ஒட்டினாய். கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று பார்க்க நான் தலையை உள்ளே விட்டு மாட்டிக்கொண்டேன். காதைப் பிடித்து இழுத்தாய். அன்றிலிருந்து நீ சீட்டு ஒட்டிக்கொண்டே இருக்கிறாய், நான் தலையை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறேன். நம் இரண்டு பேர் பிழைப்பையும் அந்தப் பெட்டிதான் தீர்மானித்தது.

அப்போது ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டாலே தெரு கூடிவிடும். இப்போது வீட்டுக்கு இரண்டு பெட்டி, கூடத்தான் ஆள் இல்லை.

குழந்தை சிரிக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

நலம். குழந்தை சிரிக்கவில்லை, முறைக்கிறாள். உன் சாடை.

அந்தப் பாதி கேக் உன்னுடையது. நீ கடித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று உள்ளே வைத்தாய். உன்னைச் சாப்பிட வைக்க நான் பட்ட பாடு துரைகூடக் கொடுத்ததில்லை. தட்டை உன் முன்னால் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நான் பார்க்காதபோதுதான் நீ தின்பாய். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாய். பள்ளிக்கூடம் முடியும்வரை உனக்கு முதுகைக் காட்டித்தான் என் பாடமெல்லாம்.

ஆறு கரண்டி என்று எழுதியிருந்தாய். உங்கள் வீட்டுக்குப் பழகிவிட்டான் போலிருக்கிறது. நல்லதுதான். இங்கே மகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறாள்.

வாசலைப் பார்த்துப் படுக்கிறானா?

அக்கா


பிப்ரவரி 17

அன்பு அக்காவுக்கு,

யாருக்கும் தலைவலிகூட இல்லை. டின் திறந்த தேதி 15. எட்டு கரண்டி. ஆமாம், எட்டு. துரைக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொண்டது.

ஊர் வம்பு கேள். சர்க்கரை வியாதிக்கார பேங்க் மேனேஜர் வீட்டில் பிரிட்ஜ் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். ஐஸ் தட்டுக்குப் பின்னால் கையை விட்டேன், ஏழு சாக்லேட். மேனேஜர் வீட்டம்மா பக்கத்திலேயே நிற்கிறார். மேனேஜர் கண்ணாலேயே என் காலில் விழுகிறார். "என்னங்க அது?" என்றார் அம்மா. "கேஸ் அடைப்புங்க" என்றேன். அடைப்பு என் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. மதியத்துக்குள் அடைப்பை நான் தின்றும்விட்டேன். மேனேஜர் இப்போது என்னைத் தெருவில் பார்த்தால் குடையைத் தூக்கி வணக்கம் வைக்கிறார்.

முதுகைக் காட்டி உட்காரும் தந்திரத்தை எனக்குச் சொல்லவே இல்லையே. ஐம்பத்துமூன்று வயதில் தெரிகிறது, என்னை ஏமாற்றித்தான் வளர்த்திருக்கிறாய். நீ வீட்டுப்பாடத்தில் மூழ்கிக் கிடக்கிறாய், நான் கெட்டிக்காரத்தனமாகத் தின்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ நிம்மதியாக இரு. இங்கே ஒரு குறையும் இல்லை.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கேயே இருந்துவிடும்படி மகள் கேட்டாள், மாப்பிள்ளையும் கேட்டார். நல்ல பிள்ளைகள். போன வாரம் சரி என்று சொல்லிவிட்டேன். திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டும். செடிகளை யாருக்காவது கொடுத்துவிடு. இந்தக் கட்டடத்தில் நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். துரை உன்னோடே இருக்கட்டும். எட்டு கரண்டி சாப்பிடுகிறவனை இடம் மாற்ற வேண்டாம்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றைக்கு மறுபடி படித்தேன். தட்டு சுவரில் இடித்தது என்று எதிலும் இல்லை. எழுத மறந்திருப்பாய்.

அக்கா


ஏப்ரல் 5

தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நீ நகைச்சுவை இல்லாமல் மூன்று நாள் இருந்ததை நான் பார்த்ததில்லை. போன் பண்ணினால் உன் வீட்டுக்காரி "கடையில இருக்கார் அண்ணி" என்கிறாள், அவள் பின்னால் நீ இருமுவது கேட்கிறது.

துரை இருக்கிறானா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

இருக்கிறார். மற்றதை இனிமேல் படி.

அந்த ஆறும் பொய், எட்டும் பொய். வந்த நாளிலிருந்து இரண்டு கரண்டிக்கு மேல் அவர் தொட்டதில்லை. முகர்வார், முகத்தைத் திருப்புவார், வாசலில் போய்ப் படுப்பார். நான் பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் கெஞ்சி உயிரை ஓட்டினேன். ஒரு வரி எழுதினால் நீ பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய். மூன்று மாதத்துக்கு ஒரு நாயைச் சாப்பிட வைக்கத் துப்பில்லாதவன் என்று ஆகிவிடக் கூடாது என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிசு என்று கேட்காதே.

இன்னும் இருக்கிறது. டப்பாவில் மிச்சம் கிடந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் ஆனதும் கொட்ட மனசு வரவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுத் தேதி எழுதி ஒட்டினேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. உனக்கு எழுதும் தேதியும் சீட்டில் இருக்கும் தேதியும் பொருந்த வேண்டுமே. லேபில் உன்னிடம் வேலை பார்க்கிறவன் இதைச் செய்திருந்தால் அவன் கதி என்ன என்று எனக்குத் தெரியும்.

உன் மார்ச் கடிதம் வந்த அன்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா வரமாட்டா, நீ எனக்காகச் சாப்பிடு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாலு கரண்டி தின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாலு கரண்டிதான் அவரைப் படுக்க வைத்தது. வாந்தி, பேதி. இரண்டு நாள் டிரிப்ஸ். மிருக டாக்டரம்மா கேட்டார்: "சாப்பாடு கெட்டிருக்கு. உங்க வீட்டு பிரிட்ஜ் சரியா வேலை செய்யுதா?" என்னைப் பார்த்து. நான் என் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினேன் அக்கா, துரை முன்னால், வெட்கமில்லாமல்.

வீட்டுக்கு வந்து தொழில் தெர்மாமீட்டரைக் கதவுத் தட்டில் வைத்தேன். பதினான்கு டிகிரி. கதவு ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒரு துண்டுக் காகிதத்தை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுப்போம். கெட்டியாக நின்றால் ரப்பர் நல்ல ரப்பர். நான் வைத்த காகிதம் இழுக்காமலே கீழே விழுந்தது. போகிற வீட்டிலெல்லாம் "கதவுல எதையும் வைக்காதீங்கம்மா, அங்கதான் குளிர் கம்மி" என்று பாடம் நடத்துகிறவன் நான். என் வீட்டுப் பெட்டி நாலு பழைய பெட்டியின் உறுப்புகளைச் சேர்த்து நானே கட்டியது. பத்து வருஷமாக ரப்பரை நாளைக்கு மாற்றுகிறேன், நாளைக்கு மாற்றுகிறேன் என்கிறேன். "ஊரையெல்லாம் குளிர வைக்கிற மனுஷன் வீட்டுல பால் திரிஞ்சா பால்காரரைத்தான் குத்தம் சொல்லுவாரு" என்றாள் வீட்டுக்காரி. அன்றைக்கு அதற்குமேல் அவள் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வாய்க்கு ருசி பார்க்கிறவர் என்று அவரைக் கேலி செய்தோம். மூன்று மாதமாக அவர் சொன்னதெல்லாம் 'இது கெட்டுப்போச்சு' என்பதுதான். இந்த வீட்டில் ஒழுங்காக மூக்கு இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

ரப்பர் மாற்றிவிட்டேன். நடுத் தட்டில் மூன்று டிகிரி. பால் கதவுக்குப் போய்விட்டது, அதையும் நாளைக்குள் மேலே ஏற்றவேண்டும். துரை எழுந்து நடக்கிறார். ஆனால் புது டின்னையும் தொடமாட்டேன் என்கிறார். இனிமேல் என்னை ஏன் நம்ப வேண்டும்?

தம்பி


ஏப்ரல் 17

டேய்,

தேதியை மாற்றினாயே. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் தாள் கிழியும்.

நீ எழுதாததற்குத்தான் எனக்குக் கோபம். ஒவ்வொரு கடிதத்தையும் 'சாப்பிடமாட்டேன் என்கிறான், வா' என்ற வரியைத் தேடித்தான் பிரித்தேன். இங்கே எல்லோரும் அன்பானவர்கள். ஆனால் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபிறகு, தூங்கும் குழந்தைக்கு முன்னால் பாதி திறந்த ஜன்னலோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீ எட்டு கரண்டி எழுதினாய். சரி, அங்கே நான் இல்லாமல் எதுவும் நிற்கவில்லை என்று தலையாட்டிவிட்டேன்.

அதை விடு. முதலில் அவனைச் சாப்பிட வை. வெதுவெதுப்பு ஏன் என்று நான் காகிதத்தில் எழுதவில்லை. துரை குட்டியாக டிப்போவில் உன் அத்தான் ஓட்டிய பஸ்ஸில் ஏறி, இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்தவன். அவர் தினமும் கடைசி டிரிப்பில் இவன் சாப்பாட்டு டப்பாவை இஞ்சின் மூடிமேல் வைத்துவிடுவார், வீட்டுக்கு வரும்போது கதகதவென்று இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பழகிய நாக்கு. வெந்நீர்ச் சூட்டுக்கு எனக்காக ஒத்துக்கொண்டான். உனக்காக ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னுடையதாக ஒன்றிரண்டாவது இருக்கட்டும் என்றுதான்.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

நேற்று அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னிடம் பஸ் இல்லை. ஆனால் பிரிட்ஜின் முதுகில் கம்ப்ரஸர் இருக்கிறதே, அதன் தலை எப்போதும் சூடு. ஓடும்போது உறுமும், நடுங்கும். பழுது பார்த்து ஓடவிட்டிருந்த ஒரு பெரிய பெட்டியின் பின்னால், அந்தத் தலைமேல் ஆறு கரண்டியை ஒரு கிண்ணத்தில் வைத்தேன், பத்து நிமிஷம். துரை வந்து உறுமலைக் கேட்டார். பெட்டியின்மேல் உடம்பைச் சாய்த்து உட்கார்ந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தேய்ந்தே போயிருக்கும் அந்த ஸ்க்ரூ.

கிண்ணம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு சுவரில் இடித்தது. திரும்பவும் இடித்தது.

இன்றைக்கும் ஆறு கரண்டி. சீட்டில் உள்ள தேதி உண்மை. வீட்டுக்காரி சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறாள், பார்.

ஆக, துரைக்காக நீ வரவேண்டியதில்லை. நீ கேட்ட காரணத்தை நானே கெடுத்துவிட்டேன். அதனால் வேறு ஒன்றை எழுதுகிறேன், சிரிக்காமல். உன் வீட்டைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போக வேண்டும். நீ ஊருக்குக் கிளம்பியதிலிருந்து சுற்று வழியில் போகிறேன். அம்மா அப்பா போனபோதுகூட நான் சுற்றி நடக்கவில்லை, நீ இருந்தாய். உனக்குத் துரையாவது இருக்கிறானே என்று நீ சொல்லலாம். துரை என்னோடு பேசமாட்டார் அக்கா.

நீ வா. எனக்கு வேண்டும்.

தம்பி


மே 3

தம்பிக்கு,

மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே என் பெட்டியைக் கட்டினாள். மழைக்காலம் முடிந்ததும் குழந்தையோடு வருகிறார்களாம். 12ஆம் தேதி காலை பத்தரை வண்டி, ஐந்தாம் பெட்டி.

ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. துரையை அழைத்து வராதே. என்னைப் பார்த்துக் குரைத்தால் பரவாயில்லை. யாரோ என்று பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டால், நாலு பேர் நடுவில் எனக்குத் தாங்காது. அதை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பட்டுக்கொள்கிறேன். நீயும் கொஞ்ச நேரம் வெளியே நில்.

அக்கா